வேஷம் கட்டுவதும் பாத்திரம் ஏற்பதும்

நாடகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுகிறவன் சொற்களைத் தனித்தனியாகப் பொறுக்கிக் கோப்பதில்லை. 'ஸ்டேஜ் எ ப்ளே', 'ப்ளே எ பார்ட்', 'ஸ்டீல் த ஷோ' என்று ஜோடியாகவே வந்து விழுகின்றன. இலக்கணப்படி வேறு வினை போடலாம், போட மாட்டார்கள். இந்தச் சேர்க்கைக்கு 1951இல் ஜே. ஆர். ஃபெர்த் 'கொலகேஷன்' என்று கலைச்சொல் அந்தஸ்து கொடுத்தார். ஒரு சொல்லின் அர்த்தத்தில் ஒரு பங்கு அதன் பக்கத்தில் உட்காரும் சொல்லில் இருக்கிறது என்பது அவர் வாதம். நாம் சொல்லிணைவு என்று வைத்துக்கொள்வோம்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஆங்கில இலக்கிய மாணவர்கள் இவற்றை மனப்பாடம் செய்கிறார்கள். செய்யட்டும். அவர்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கும்போது புழங்குவது வேறொரு தொகுதி. அதை யாரும் உருப்போடுவதில்லை. காதில் விழுந்து சேர்வது.

'கர்ணன் கட்டுறது யாரு?' என்று கேட்பார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் லேசான மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்தவை. அவற்றைக் கயிறு போட்டு உடம்போடு இறுக்கிக் கட்டியாக வேண்டும். கட்டைக்கூத்து என்ற பெயரே இந்தக் கட்டைகளால் வந்தது. ஆனால் வாக்கியத்தில் கட்டப்படுவது கட்டை மட்டுமல்ல, கர்ணனே. ஆங்கிலமும் இப்படித்தான்: 'ஹூ இஸ் ப்ளேயிங் ஹாம்லெட்?' அங்கேயும் ஹாம்லெட் நேரடிச் செயப்படுபொருள். நம்முடைய படித்த தமிழ்தான் 'ஹாம்லெட்டாக நடிப்பவர் யார்?' என்கிறது. அந்த 'ஆக' ஒரு இடைவெளியைக் கொண்டுவந்து வைக்கிறது: இவர் அவர் இல்லை, அவரைப் போல. 'பாத்திரம் ஏற்று' என்றால் இன்னும் மோசம். காலிப் பாத்திரம் ஒன்று இருக்கிறது, நடிகர் போய் அதை நிரப்புகிறார்.

இந்த இடைவெளியோடு கூத்தைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. துகில் உரியும் இரவில் வேஷக்காரருக்கு ஆவேசம் வந்து கற்பூரம் காட்டி இறக்க வேண்டியிருக்கிறது. 'நடிப்பு தத்ரூபம்' என்று விமர்சனம் எழுதினால் என்ன அர்த்தம்? பேச்சுத்தமிழில் 'நடிக்காதே' என்றால் பொய் சொல்லாதே என்றுதானே பொருள்.

திரையும் அப்படியே. 'த கர்டன் ரைசஸ்' என்பதை 'திரை உயர்ந்தது' என்று மாற்றிவிடலாம். மேலே ஏறும் திரை பார்சி கம்பெனிகள் வழியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நமக்கு வந்தது. கூத்தில் திரை உயர்வதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். வேஷம் அதன் பின்னால் நின்று பாடி ஆடி, கொஞ்சங் கொஞ்சமாக வெளிப்படுகிறது. 'பிடி' என்ற வினையில் ஆள் இருக்கிறான். 'ரைசஸ்' என்பதில் யாருமே இல்லை.

வசைகளையும் கவனிக்க வேண்டும். 'கூத்து கட்டு' தொழில், 'கூத்தடி' ஏச்சு. 'வேஷம் கட்டு' என்பதில் மரியாதை இருக்கிறது, 'வேஷம் போடு' என்றால் ஏமாற்று. வினை மட்டும்தான் மாறுகிறது, ஆளின் கௌரவம் போய்விடுகிறது. 'கூத்தாடி' என்ற வசைக்குப் பின்னால் சாதி நிற்கிறது என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. இங்கிலாந்திலும் 1572ஆம் வருஷத்துச் சட்டம், பிரபுக்களின் ஆதரவில்லாத நடிகர்களை நாடோடிகளோடு சேர்த்துத் தண்டிக்கச் சொன்னது. பிறகு அவர்கள் மொழியில் 'மேக் எ சீன்' மாதிரி ஆளைச் சுட்டாத கேலிகளும் வந்தன. நாமும் 'சீன் போடு' என்று ஒன்றைச் செய்துகொண்டோம். நடிகரைத் தொடாத வசை அது. இதற்கிடையே பத்திரிகைகளில் சதி 'அரங்கேறுகிறது', கொலை 'அரங்கேறுகிறது'. ஒரு வித்தை முதன்முதலாகச் சபையேறுவதைக் குறித்த சொல் இது!

கடைசியாக, 'த ப்ளே எண்ட்ஸ்'. செஞ்சிப் பக்கம் பதினெட்டாம் போர் விடிந்த பின்னும் நடக்கும். மண்ணில் படுத்திருக்கும் பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றி, வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் சண்டை போடுவார்கள். படுகளம் முடிந்ததும் சனம் 'கூத்து முடிஞ்சுது' என்று வீட்டுக்குப் போவதில்லை. சாயங்காலம் அதே சனம் தீ மிதிக்கிறது. பார்வையாளர் யார், வேஷக்காரர் யார் என்று பிரிக்க அப்போது சொல் கிடையாது.