உங்களுக்குத் தெரியுமா? புகைக்குழாயும் இன்ஜினின் ஓர் அங்கமே!

● காரின் புகைக்குழாயில் புகை ஒரே சீராகப் போவதில்லை. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்த அலை குழாயில் பாய்கிறது. குழாய்கள் ஒன்றுகூடும் இடத்தைத் தொட்டதும், அது உறிஞ்சும் அலையாக மாறி வால்வை நோக்கித் திரும்புகிறது. வால்வு மூடுவதற்குள் வந்து சேர்ந்தால், சிலிண்டரில் தங்கிய புகையை இழுத்துவிட்டு, புதுக் காற்று கூடுதலாக நுழைய இடம் தருகிறது.

● 6000 ஆர்.பி.எம்மில் இன்ஜின் ஒரு சுற்று சுற்ற, நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். சூடான புகையில் அலையோ நொடிக்கு 500 மீட்டருக்கு மேல் ஓடும். அதனால்தான் குழாயின் நீளம் மாறினால், நல்ல இழுவை கிடைக்கும் வேகமும் மாறிவிடுகிறது. நீளக் குழாய் குறைந்த ஆர்.பி.எம்முக்கும், குட்டைக் குழாய் அதிக ஆர்.பி.எம்முக்கும் கைகொடுக்கும்.

● பெரும்பாலான நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் எரியும் வரிசை 1-3-4-2. ‘4-2-1’ வகைக் குழாயில் 1, 4 ஒரு ஜோடி. 2, 3 இன்னொரு ஜோடி. அடுத்தடுத்து எரியும் சிலிண்டர்களின் புகை மோதிக்கொள்ளாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. நடுத்தர வேகத்தில் வண்டி நன்றாக இழுக்கும். நான்கையும் ஒரே இடத்தில் சேர்க்கும் ‘4-1’ வகை, உச்ச வேகத்தில் ஓடும் பந்தயக் கார்களுக்கு ஏற்றது.

● 2012-ல் வந்த மாஸ்டா சிஎக்ஸ்-5 காரின் பெட்ரோல் இன்ஜினில் அழுத்த விகிதம் சில நாடுகளில் 14:1. சூடான புகை சிலிண்டரில் தங்கினால் இவ்வளவு அழுத்தத்தில் எரிபொருள் கலவை தானே பற்றி வெடிக்கும் ‘நாக்கிங்’ வந்துவிடும். அதைத் தடுக்கவே 60 செ.மீட்டருக்கும் நீளமான 4-2-1 குழாய்களை வளைத்துச் சுருட்டிப் பொருத்தினார்கள்.

● ஃபோர்டு ஜிடி40 பந்தயக் காரின் வி8 இன்ஜினில், இருபக்கமும் சில குழாய்கள் குறுக்கே மாறி எதிர்ப்பக்கக் குழாய்களோடு போய்ச் சேரும். இரு பக்கமும் புகைத் துடிப்புகள் சம இடைவெளியில் வருவதற்காகவே அந்தப் பின்னல். ‘பாம்புக் கட்டு’ என்றே அதற்குப் பட்டப்பெயர்!

● ‘பெரிய குழாய் போட்டால் பவர் கூடும்’ என்பது பாதி உண்மைதான். தேவைக்கு மேல் அகலமானால் புகையின் வேகம் குறையும். பின்வரும் புகையை இழுக்கும் விசையும் தளரும். குறைந்த வேகத்தில் பிக்கப் போய்விடும்.

● குழாயின் வடிவத்தாலேயே சாதனை படைத்தவர், கிழக்கு ஜெர்மனியின் வால்டர் காடன். நடுவில் அகன்று கடைசியில் ஒடுங்கும் குழாயை டூ-ஸ்ட்ரோக் பைக்கில் செம்மைப்படுத்தினார். 1961-ல் அவருடைய 125 சிசி எம்இசட் இன்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200 என்ற கணக்கு!

● 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு, புகைக்குழாயில் பொருத்தி நச்சுப் புகையைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயமில்லாப் பெட்ரோலும் அப்போதே அங்கே வந்தது. ஈயம் படிந்தால் கன்வெர்ட்டர் வேலை செய்யாது.

● காரணம் தெரியாமல் கார் வேகமெடுக்கத் திணறுகிறதா? கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா என்றும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அடைத்திருந்தால் அறுத்து எறியாதீர்கள், மாற்றுங்கள். அது இல்லாத கார் கார்பன் மோனாக்சைடை அப்படியே தெருவில் கக்கும். அதைச் சுவாசிப்பது நம் பிள்ளைகள்தான்.