வீட்டு இசைக்கு அடியொலிப் பெட்டி வேண்டுமா?

வீட்டில் இசை கேட்க இரண்டு ஒலிபெருக்கிகள் இருக்க, சப்வூஃபர் என்னும் அடியொலிப் பெட்டி எதற்கு? இசைக்கு அது நிறைவு தரும் என்பர் சிலர். இரைச்சலே தரும் என்பர் வேறு சிலர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. எது எப்போது பொருந்தும் என்பதை ஈண்டுக் காண்போம்.

மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை கேட்க வல்லது. ஒலி தாழத் தாழ, அதனை எழுப்ப மிகுதியான காற்றை அசைக்க வேண்டும். அதிர்வெண் பாதியானால், அதே வலிமைக்கு நான்கு மடங்கு காற்று அசைய வேண்டும். நான்கைந்து அங்குலக் கூம்பு இதற்கு எங்ஙனம் ஆற்றும்? ஆகவேதான் அலமாரியில் வைக்கும் சிறு பெட்டிகள் பலவும் 60, 70 அதிர்வுகளுக்குக் கீழே சோர்ந்து விடுகின்றன. பியானோவின் மிகத் தாழ்ந்த ஒலியோ 27.5 அதிர்வுகளே. அத்தகைய ஒலியின் அடிநாதம் விடுபட்டாலும், அதன் மேற்சுரங்களைக் கொண்டு செவி அதனை ஒருவாறு ஊகித்துக்கொள்கிறது. அதனால் சுரம் தெரியும்; கனம் தெரியாது.

சென்ற ஆண்டு என் மகன் அப்பெட்டி ஒன்றை வாங்கி வந்து கூடத்து மூலையில் வைத்தான். அன்று மாலை கச்சேரி ஒன்றைக் கேட்டோம். மிருதங்கத்தின் இடந்தலை முழங்கியது. பாடியவர் சொல்லோ அதில் மூழ்கியது. “பணம் பாழாயிற்று” என்றேன். பிழை பெட்டியினுடையது அன்று என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

முதற்பிழை இடம். 40 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். எங்கள் கூடத்தின் நீளமோ 14 அடி, அதாவது அதில் பாதி. அத்தகைய அறையில் அவ்வலை சுவருக்குச் சுவர் மோதி, ஓரிடத்தில் மிகுந்தும் மற்றோரிடத்தில் மங்கியும் நிற்கும். மூலையோ அதனை மேலும் பெருக்கும். இதற்கு எளிய வழி உண்டு. பெட்டியை நாம் அமரும் இடத்தில் வைத்து இசைக்க விட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேட்க வேண்டும். அடியொலி எங்கே சீராகக் கேட்கிறதோ, அங்கேதான் பெட்டி இருக்க வேண்டும்.

இரண்டாம் பிழை பங்கீடு. பெட்டியின் திருகு 150 அதிர்வில் நின்றது. 80க்குக் கீழ்ப்பட்டதை மட்டுமே அதனிடம் ஒப்படைத்தல் நன்று. மேலே சென்றால் ஆண்குரலும் அதில் கலந்து தடிக்கும். ஒலி வரும் திசையும் செவிக்குப் புலப்பட்டுவிடும்.

இரண்டையும் திருத்தி, அதே கச்சேரியைக் கேட்டோம். சொல் தெளிந்தது. “இப்போது கேளுங்கள், அப்பா” என்று மகன் பெட்டியை மட்டும் நிறுத்தினான். இசை அக்கணமே மெலிந்தது. அதன் பயனை அப்போதுதான் அறிந்தேன்.

எனினும், செய்தியும் சொற்பொழிவும் மட்டும் கேட்பவருக்கு இப்பெட்டி தேவையில்லை. ஆழ்ந்த ஒலியைத் தாமே தரும் பெரிய ஒலிபெருக்கிகள் உடையாருக்கும் அவ்வாறே. மேலும், தாழ்ந்த ஒலி சுவரை எளிதில் கடக்கும். அண்டை வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருப்பதை மறத்தலாகாது.

வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகாவிடினும் பிழை. மிகக் கூடாத இடத்தில் மிகினும் பிழை. மாணவர்க்கு நாம் நாளும் கற்பிக்கும் அவ்விதி அடியொலிக்கும் பொருந்தும்.