ஜெயித்த பிறகு அவன் எங்கே போகிறான்?

தொப்பி, குதிரை, இடுப்பில் துப்பாக்கி. ஊருக்குள் தனியாக வருவான். கெட்டவர்களைச் சுட்டு வீழ்த்திவிட்டுத் தனியாகவே போவான். பழைய ஹாலிவுட் கௌபாய் படம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது இவன்தான். 1972-இல் 'கங்கா' படத்தில் ஜெய்சங்கர் இந்த வேடத்தைத் தமிழிலும் போட்டார்.

கிள்ளானில் படிவம் 4, 5 மாணவர்களுக்கு டியூஷன் எடுக்கிறேன். "யாருக்கும் அடங்காதவன்தான் சார் ஹீரோ" என்று அடிக்கடி கேட்கிறேன். ஆனால், நல்ல கௌபாய் படங்கள் அவனைக் கைதட்டலோடு விட்டுவிடுவதில்லை.

1956-இல் ஜான் ஃபோர்டு இயக்கிய 'தி சர்ச்சர்ஸ்' படத்தைப் பாருங்கள். ஜான் வேய்ன் நடித்த ஈத்தன், கடத்தப்பட்ட தன் சகோதரன் மகளை ஆண்டுக்கணக்கில் தேடி அலைகிறான். வீரன்தான். ஆனால் செவ்விந்தியர்கள் மீதுள்ள வெறுப்பு, அவர்களோடு வளர்ந்த அந்தப் பெண்ணையே கொல்லும் அளவுக்கு அவனைக் கொண்டு போகிறது. கடைசியில் மனம் மாறி அவளை வீடு சேர்க்கிறான். எல்லாரும் உள்ளே போகிறார்கள். அவன் மட்டும் வாசலிலேயே திரும்பி நடக்கிறான். கதவு மூடுகிறது.

1953-இல் வந்த 'ஷேன்' படத்தில், ஜோயி என்ற சிறுவன் துப்பாக்கி வீரன் ஷேனை வாய் பிளந்து பார்க்கிறான். சண்டையில் ஜெயித்த ஷேனோ, கொலைக்கறை ஒருநாளும் போகாது என்று அவனிடம் சொல்லிவிட்டு, காயத்தோடு ஊரை விட்டே போகிறான்.

நம் நாட்டு ஜோயியின் பெயர் அப்போய். 2015-இல் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' படத்தின் 12 வயதுச் சிறுவன். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம். அப்பா படி, படி என்று கண்டிக்கிறார். ஒரு சித்தப்பா போதைப் பழக்கத்தால் நொடிந்தவர். இன்னொருவர், 'மெக்சிகோ' என்ற பெயரில் குண்டர் கும்பலில் இருப்பவர். பையனின் கண் யார் பக்கம் போகும்? 28-வது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்பட விருது பெற்ற படம் இது.

2016-இல் கோலாலம்பூரைக் களமாகக் கொண்டு 'கபாலி' வந்தது. இங்கே திரையிட்ட பிரதியின் முடிவில், கபாலி போலீசில் சரணடைந்ததாக ஒரு வரி சேர்க்கப்பட்டது. வகுப்பில் கேட்டேன். ரஜினியின் கோட்டும் நடையும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அந்த வரி ஒருவருக்கும் நினைவில்லை. கடைசியில் ஒட்டும் ஒரு வரியால் பையன்கள் மனம் மாறாது. நாயகன் எதை இழந்தான் என்பதைக் கதையே காட்ட வேண்டும்.

2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தது. அவற்றின் எண்களை வீரத்தின் அடையாளமாக நினைக்கும் பையன்கள் நம் குடியிருப்புகளில் இன்னும் இருக்கிறார்கள்.

தம்பி, தங்கைகளே, படம் பாருங்கள், விசில் அடியுங்கள். விளக்கு எரிந்ததும் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: இந்த நாயகன் இன்று இரவு எந்த வீட்டுக்குப் போவான்? அவனுக்குச் சோறு போட யார் காத்திருக்கிறார்கள்?