ஓடாமல் நின்ற காரின் டயர் ஏன் வெடித்தது?

மாணவர்களே, ஓடி ஓடித் தேய்ந்த டயரைப் பார்த்திருப்பீர்கள். ஓடாமலேயே கெட்டுப்போன டயரைப் பார்த்ததுண்டா?

என் மாமாவிடம் ஒரு பழைய மோரிஸ் மைனர் கார் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமாகி, 16 இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட வகை அது. மாமா ஜொகூரில் வேலை செய்கிறார். கார் ஈப்போவில், பாட்டி வீட்டுக் கொட்டகையில் நிற்கும்.

2021-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள், நடமாட்டக் கட்டுப்பாட்டினால் மாநில எல்லை கடக்க மீண்டும் தடை வந்தது. அக்டோபர் 11-ஆம் நாள் தடை நீங்கியதும் மாமா ஈப்போவுக்கு வந்துவிட்டார். பழைய சாலையில் செம்மோர், சுங்கை சிப்புட் வழியாகக் கோலாகங்சார் வரை மெதுவாகப் போய்வர வேண்டும், பாட்டியையும் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவர் திட்டம். பாட்டி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றில் இருபது ஆண்டுக்கு மேல் பால்மரம் சீவியவர். தம் தோட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா காரை ஸ்டார்ட் செய்தார். 'டிக்' என்ற ஓசை மட்டும் வந்தது. "ஒன்பது மாதம் சும்மாதானே நின்றது! இதற்கு என்ன வந்தது?" என்றார். நல்ல கேள்விதான். நிற்கும் காருக்குள் என்னென்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பேட்டரியும் பெட்ரோலும்

கார் பேட்டரியில் ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும் உள்ளன. ஆறு கலன்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 வோல்ட், ஆக மொத்தம் 12 வோல்ட். காரைப் பயன்படுத்தாவிட்டாலும் உள்ளே வேதிவினை மெல்ல நடந்துகொண்டே இருக்கும். மின்னூட்டம் சிறிது சிறிதாகக் குறையும். நம் நாட்டு வெப்பத்தில் இது இன்னும் விரைவாக நடக்கும். அப்போது தகடுகளின்மேல் ஈய சல்பேட் படிகிறது. சீக்கிரம் மின்னேற்றினால் அது பழைய நிலைக்குத் திரும்பும். பல மாதம் விட்டுவிட்டால் கடினமான படிகங்களாக வளர்ந்துவிடும். பிறகு பேட்டரியில் முன்போல் மின்னேற்ற முடியாது.

பழைய கார்களில் பெட்ரோலைக் காற்றுடன் கலந்து இயந்திரத்துக்கு அனுப்புவது கார்புரேட்டர். அதிலுள்ள சிறு கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும். பெட்ரோல் பல சேர்மங்களின் கலவை. எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். மிஞ்சியது ஆக்சிஜனுடன் வினைபுரிந்து பிசின்போல் படிந்து நுண்துளைகளை அடைத்துவிடும்.

பிரேக்கில் ஒளிந்திருக்கும் ஆபத்து

பேட்டரி செத்தால் கார் கிளம்பாது, அவ்வளவுதான். பிரேக் எண்ணெய் கெட்டால் உயிருக்கே ஆபத்து. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. 'டாட் 4' எனும் வகைக்குரிய தர அளவைப் பாருங்கள். புதிய எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 விழுக்காடு நீர் கலந்த பிறகு, 155 பாகை இருந்தாலே போதும் என்கிறது தரம். நீர் கொதிநிலையை எவ்வளவு தாழ்த்திவிடுகிறது என்பது இதிலிருந்தே தெரியும்.

இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் அது சூடேறும். ஈரம் கலந்த எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்குவது மிகக் கடினம், ஆவியைச் சுருக்குவது எளிது. ஆகவே மிதிக்கும் விசை சக்கரத்துக்குப் போய்ச் சேராது. மிதி மட்டும் உள்ளே போகும்.

பாட்டி கண்ட விரிசல்

மாமா புது பேட்டரி போட்டார், கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார், பிரேக் எண்ணெயையும் மாற்றினார். "டயரில் பள்ளமெல்லாம் புதுசுபோல இருக்கிறது, கிளம்பலாம்" என்றார். பாட்டி குனிந்து டயரின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தார். "இங்க பாரு தம்பி, ரப்பர் வெடிச்சிருக்கு. இதை நம்பியா என்னை ஏத்திக்கிட்டுப் போவ?" என்றார். மயிரிழை போன்ற விரிசல்கள் வரிசையாக இருந்தன.

பால்மரத்தின் பாலில் உள்ள ரப்பர், மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. வெறும் ரப்பர் சூட்டில் இளகி ஒட்டும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பாலங்கள் அமைந்து உறுதி பெறும். சார்ல்ஸ் குட்இயர் 1839-ஆம் ஆண்டு இதைக் கண்டறிந்தார். ஆனாலும் சங்கிலிகளில் கரிம அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புகள் எஞ்சியிருக்கும். அங்கேதான் ஓசோன் தாக்குகிறது.

ஓசோன் என்பது மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு. வாகனப் புகையிலுள்ள வாயுக்கள் வெயிலில் வினைபுரியும்போது தரைக்கு அருகிலும் அது உருவாகிறது. பத்துக் கோடி காற்று மூலக்கூறுகளில் சில மட்டுமே ஓசோன். அதுவே ரப்பருக்குப் போதும். இரட்டைப் பிணைப்பில் அது சங்கிலியை வெட்டிவிடும். ரப்பர் இழுபட்டிருந்தால் வெட்டுண்ட முனைகள் விலகி, விரிசல் திறக்கும். உள்ளிருக்கும் புது ரப்பர் வெளிப்பட்டு, அதுவும் தாக்கப்படும்.

நிற்கும் டயரில் காற்று மெல்லக் கசிந்து குறையும். காரின் எடையால் அதன் பக்கவாட்டு பிதுங்கி இழுபடும். பல மாதம் அதே இடம் இழுபட்டபடி இருந்தால் அங்கே விரிசல் விழுவதில் வியப்பில்லை. டயர் தயாரிக்கும்போது மெழுகும் ஓசோனைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் கலக்கிறார்கள். அவையும் காலப்போக்கில் தீர்ந்துவிடும்.

பக்கவாட்டில் 'டாட்' குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படித்தோம்: 4210. அதாவது, 2010-ஆம் ஆண்டின் 42-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பதினொரு வயது! பத்து ஆண்டைத் தாண்டிய டயரை, பள்ளம் மிச்சமிருந்தாலும் மாற்றிவிடும்படி டயர் நிறுவனங்கள் பல கூறுகின்றன. மாமா நான்கையும் மாற்றினார். பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனது.

பயணம்

அடுத்த வாரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனோம். பின்னால் வந்தவர்கள் முந்திக்கொண்டு போனார்கள். மாமா கவலைப்படவில்லை. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 90 கிலோமீட்டர் வேகத்தில் அது 60-இல் இருப்பதைப்போல் 2.25 மடங்கு. அத்தனையையும் அந்தப் பழைய பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும்.

பாட்டியின் தோட்டத்தில் இப்போது செம்பனைதான். லயத்து வீடுகள் இல்லை. கோயில் இருந்தது. அங்கே இறங்கிக் கும்பிட்டுவிட்டு, தாம் பால் சீவிய நிரை எந்தப் பக்கம் இருந்தது என்று கைகாட்டினார். பிறகு கோலாகங்சாரில் ஒரு முதிய ரப்பர் மரத்தைப் பார்த்தோம். 1877-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் ஒன்பது கோலாகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒன்று இந்த மரம் என்கிறார்கள். பாட்டி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீங்களே செய்து பாருங்கள்

மூன்று ரப்பர் வளையங்களை எடுங்கள். ஒன்றை அடிக்கோலில் நன்றாக இழுத்து மாட்டி வெளியில் வையுங்கள். இன்னொன்றை அதேபோல் இழுத்து மாட்டி, காற்றுப் புகாத புட்டியில் மூடி அலமாரிக்குள் வையுங்கள். மூன்றாவதை இழுக்காமல் வெளியில் வையுங்கள். வாரம் ஒருமுறை மூன்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எது முதலில் வெடிக்கிறது? ஏன்?

அதற்கு முன், இன்றே உங்கள் வீட்டுக் காரின் டயர்களில் அந்த நான்கு இலக்கங்களைத் தேடிப் படியுங்கள். கூடுதல் டயரையும் மறக்காதீர்கள். பெரும்பாலும் ஓடாமலே வயதாவது அதுதான்.