எத்தனை குதிரை போதும்?

உங்கள் வீட்டில் கார் இருக்கிறதா? காரோடு கூட இருபத்தைந்து வயதுப் பிள்ளையும் ஒருவன் இருக்கிறானா? அப்படியானால் என்றைக்காவது ஒரு நாள், காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, வண்டிக்குக் கொஞ்சம் பவர் ஏத்தலாம்னு இருக்கேன்" என்று அவன் ஆரம்பிப்பான். பிள்ளைதான் கேட்பான் என்பதில்லை. இந்தக் காலத்தில் பெண்ணும் கேட்பாள். டர்போ, ரீமேப், ஸ்டேஜ் ஒன், எக்ஸாஸ்ட் என்று மந்திரம் போல் நாலைந்து வார்த்தைகள் வந்து விழும். கடைசியில் ஒரு தொகை வரும்.

'அதெல்லாம் வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அது எடுபடாது என்பது உங்களுக்கும் தெரியும். அதற்குப் பதிலாக, "எத்தனை குதிரை வேண்டும்? எதற்காக?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். கேட்கத் தெரிந்தவர்களுக்குப் பிள்ளைகள் மரியாதையாகப் பதில் சொல்வார்கள். கேட்பதற்கு வேண்டிய விஷயங்களைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மிக்ஸியும் குதிரையும்

ஜேம்ஸ் வாட் என்ற மேதாவி தம்முடைய நீராவி யந்திரத்தை விற்பதற்காக, அது எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அந்தக் கணக்கு இன்றைக்கும் நம்மை விடவில்லை. ஒரு குதிரைச் சக்தி என்பது 746 வாட். உங்கள் சமையலறை மிக்ஸியின் அடியில் 750 வாட் என்று எழுதியிருக்கும், பாருங்கள். ஏறக்குறைய அதுதான் ஒரு குதிரை!

ஒரு டன் எடையுள்ள சின்னக் காரைச் சமதரையில் மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே போக எவ்வளவு சக்தி வேண்டும் தெரியுமா? உத்தேசமாகப் பத்துக் குதிரைதான். பத்து மிக்ஸி! 100 கிலோ மீட்டர் வேகத்துக்குப் பதினாறு, பதினேழு. ஆனால் 160-க்குப் போக வேண்டுமென்றால் ஐம்பத்தைந்து, அறுபது குதிரை தேவைப்படும். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகிறது. அந்தக் காற்றைத் தள்ள வேண்டிய சக்தியோ எட்டு மடங்காகிறது.

1983-ல் வந்த மாருதி 800-க்கு ஏறக்குறைய 37 குதிரைதான். அந்த வண்டியில் நம் ஜனங்கள் திருப்பதிக்குப் போனார்கள், ஊட்டிக்கு ஏறினார்கள், பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்து வந்தார்கள். ஆகவே, போய்ச் சேருவதற்குக் கூடுதல் குதிரை தேவையில்லை. பின் எதற்குத் தேவை? ஒரே ஒரு நியாயமான காரணம் உண்டு. அதைப் பார்க்க நாம் மரக்காணம் வரை போய் வர வேண்டும்.

உப்பளத்துச் சாலையில்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டிப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தைப் பார்க்காமல் போக முடியாது. இரு புறமும் கண்ணாடி பதித்தது போல் பாத்தி பாத்தியாக உப்பளம். வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். அவற்றின் மேல் மழைக்குப் பயந்து போட்ட கீற்றுகள். பக்கத்திலே கழுவெளி ஏரி. 2021-ல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள்.

உப்புக்கும் மோட்டார் வேகத்துக்கும் உலகத்தில் ஒரு சொந்தம் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் பான்வில் என்ற இடத்தில் உப்பே கெட்டித் தரையாகக் கிடக்கிறது. 1935 செப்டம்பர் 3-ந் தேதி ஸர் மால்கம் காம்பெல் என்ற ஆங்கிலேயர் அந்த உப்பின் மேல் 'புளூ பேர்ட்' என்ற மோட்டாரை மணிக்கு 484 கிலோ மீட்டர் வேகத்தில் ஓட்டினார். அதற்குப் பூட்டியிருந்தது ஆகாய விமானத்து ரோல்ஸ் ராய்ஸ் யந்திரம். 2,000 குதிரைக்கு மேல்! ஆனால் பான்வில்லில் எதிரே லாரி வராது, ஆடு வராது, தலையில் கூடையோடு ஒரு தாயார் சாலையைக் கடக்கமாட்டாள்.

மரக்காணத்தில் இவை எல்லாம் வரும். உப்பு வேலை வெயிலுக்கு முன்னால் முடிய வேண்டிய வேலை. விடியுமுன்பே பெண்களும் ஆண்களும் இருட்டில் அளத்துக்கு நடக்கிறார்கள். சனிக்கிழமை விடியற்காலையில், 'சாலை காலி' என்று பட்டணத்துக் கார்கள் பறந்து வருவதும் அதே நேரத்தில்தான். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை 46 கிலோ மீட்டரை நான்கு வழிச் சாலையாக்க மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் கொடுத்தது. சாலை அகலமானாலும், அதைக் கடக்கிற மனிதர்கள் மாறிவிடப் போவதில்லை.

இரண்டு வழிச் சாலையில், முன்னே ஓர் உப்பு லாரி ஊர்ந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்ட வேண்டும். இங்கேதான் கூடுதல் குதிரைக்கு வேலை வருகிறது.

ஒரு டன் காரில் இரண்டு பேர் போகிறார்கள். 60-லிருந்து 100 கிலோ மீட்டர் வேகத்துக்கு எட்ட, 85 குதிரை யந்திரத்துக்கு உத்தேசமாகப் பத்து விநாடி பிடிக்கும். 115 குதிரை இருந்தால் ஆறு, ஏழு விநாடி போதும். மிச்சமாகும் மூன்று விநாடியில், எதிரே 80-ல் வரும் பஸ் அறுபத்தைந்து மீட்டர் தூரம் வந்துவிடும். ஆகவே அந்த மூன்று விநாடி உயிர் காக்கும் விநாடிதான். பிள்ளை சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் அடுத்த கணக்கையும் பாருங்கள். 115-ஐ 200 ஆக்கினால், இன்னும் மூன்று விநாடி குறையும். முதல் மூன்று விநாடியை முப்பது குதிரை சம்பாதித்துக் கொடுத்தது. அடுத்த மூன்று விநாடிக்கு எண்பத்தைந்து குதிரை வேண்டியிருக்கிறது. சாம்பாரில் முதல் கரண்டி உப்பு ருசி கொடுக்கிறது. நாலாவது கரண்டி என்ன கொடுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சேம அச்சு

பழங்காலத்தில் உமணர் என்ற உப்பு வணிகர்கள் வண்டி வண்டியாக உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போவார்கள். மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் என்ன செய்வது? வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சைக் கட்டி எடுத்துப் போனார்கள். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். புறநானூற்றில் ஔவையார் ஓர் அரசனுக்கு அதை உவமையாகவே சொல்லியிருக்கிறார்.

பாரம் கூடினால் அதைத் தாங்குவதற்கும் ஏதாவது கூட வேண்டும் என்பது அந்த உமணர்களுக்குத் தெரிந்திருந்தது. காருக்கும் அதேதான். பெட்ரோலை எரித்துக் கிடைக்கும் உஷ்ணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட யந்திரத்தில் முழுசாக வேலையாக மாறுவதில்லை. மற்றதெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறுகிறது. அதாவது முழு மிதியில் முப்பது குதிரை கூட்டினால், அறுபது குதிரைக்கு மேற்பட்ட உஷ்ணமும் கூடவே வருகிறது. சித்திரை வெயிலில் அந்த உஷ்ணத்தைக் கொண்டுபோக ரேடியேட்டருக்குத் திராணி வேண்டும். கூடிய இழுப்பைத் தாங்கக் கிளச்சுக்குத் திராணி வேண்டும். தரையைப் பிடிக்க டயர் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரேக். கண் பார்த்துக் கால் மிதிக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், காய்ந்த சாலையில் 80-ல் போகும் வண்டி நிற்க 57 மீட்டர் பிடிக்கும். 100-ல் 83 மீட்டர்; 120-ல் 113 மீட்டர். பானட்டுக்குக் கீழே எத்தனை குதிரை இருந்தாலும் இந்தக் கணக்கு ஒரு மீட்டர் கூடக் குறையாது.

கடற்கரைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்று. கம்பெனி வைத்த மூடிய காற்று வடிகட்டியை எடுத்துவிட்டுத் திறந்த வடிகட்டி வைப்பதைச் சிலர் நாகரிகமாக நினைக்கிறார்கள். ஈரமும் உப்பும் தூசியும் யந்திரத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்க இதைவிட நல்ல வழி கிடையாது. பிரேக் தட்டுகள், பாட்டரி முனைகள், புதிதாகப் போட்ட குழாய்களின் கவ்விகள் எல்லாம் துருவுக்கு விருந்து. மகாபலிபுரமோ மரக்காணமோ போய் வந்த அன்று வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். இதற்குச் செலவு சொற்பம்.

கோயமுத்தூர் சொன்ன பதில்

இந்த விஷயத்தில் நம் நாட்டில் அனுபவம் முதிர்ந்த ஊர் கோயமுத்தூர். கரிவரதன் என்ற கோவை இளைஞர் மாருதி 800-ன் சின்ன யந்திரத்தை வைத்தே 'ஃபார்முலா மாருதி' பந்தயக் கார்களை உண்டாக்கினார். குதிரையைக் கூட்டுவதைவிட எடையைக் குறைப்பது மேல் என்பதற்கு அது நல்ல பாடம். 1995-ல் அவர் காலமானார். செட்டிபாளையத்துப் பந்தயத் திடல் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே ஊரைச் சேர்ந்த ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாட்டா மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து, 2018 அக்டோபரில் 'டியாகோ ஜே.டி.பி.' என்ற காரைக் கொண்டுவந்தார்கள். தினம் ஆபீஸுக்கும் கடைக்கும் போகிற சாதாரண டியாகோவையே எடுத்து வேகக் காராக்கினார்கள். பந்தயம் தெரிந்த கைகள் அவை. வேண்டிய மட்டும் ஏற்றியிருக்கலாம். ஆனால் எங்கே நிறுத்தினார்கள் தெரியுமா? 85 குதிரையை 114 ஆக்கியதோடு நிறுத்திக்கொண்டார்கள்! அதற்கும் டர்போ யந்திரம், அகலமான டயர், இறுக்கமான ஸஸ்பென்ஷன், புதிய கியர் விகிதம் எல்லாம் சேர்த்தே செய்தார்கள். வண்டியின் உயரத்தை 4 மில்லி மீட்டர் மட்டுமே தாழ்த்தினார்கள். நம் ஊர் வேகத்தடை அவர்களுக்குத் தெரியும்! பத்து விநாடிக்குள் அது 100-ஐ எட்டியது. 2020-ல் அந்த வண்டியின் உற்பத்தி நின்றுபோனது. ஆனால் அது சொன்ன பதில் நிற்கிறது.

2021-ல் வந்த ஹூண்டாய் ஐ-20 என் லைனைப் பாருங்கள்: 120 குதிரை. அந்தக் கம்பெனியின் ஆலை இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில்தான் சென்னையின் பந்தயத் திடலும் இருக்கிறது. ஆக, தினம் ஓட்டும் வேகக் காருக்கு ஒரு டன் எடைக்கு 100 முதல் 120 குதிரை என்பது அனுபவஸ்தர்கள் கண்ட அளவாகத் தெரிகிறது. என் அபிப்பிராயமும் அதுவே.

சட்டம் என்ன சொல்கிறது?

இதைப் பிள்ளைகள் சொல்லமாட்டார்கள். நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தித் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தச் சட்டப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. இதைவிடப் பெரிய கவலை, இன்ஷூரன்ஸ். விபத்து நேர்ந்த பிறகு, சொல்லாமல் செய்த மாற்றம் தெரியவந்தால், கம்பெனி பணம் தர மறுக்கலாம். வாரண்டியும் போய்விடும்.

ஆகையால் கூடுதல் குதிரை வேண்டும் என்கிற பிள்ளைக்கு நல்ல வழி, அந்தக் குதிரைகளோடு கம்பெனியே கட்டிய காராகப் பார்த்து வாங்குவது. முழு வேகத்தை ருசி பார்க்க வேண்டுமா? முன்னொரு காலத்தில் சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் பந்தயம் பார்க்கக் குடும்பம் குடும்பமாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவார்கள். இப்போது இருங்காட்டுக்கோட்டையும் செட்டிபாளையமும் இருக்கின்றன. ஹெல்மெட்டும் வேலியும் டாக்டரும் உள்ள இடம் அவைதான்.

கேட்க வேண்டியவை

பணப் பெட்டியைத் திறப்பதற்கு முன் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்:

வண்டியின் எடை என்ன, இப்போது குதிரை எத்தனை? டன்னுக்கு நூறு ஏற்கெனவே இருந்தால் மேலும் எதற்கு?

டயரும் பிரேக்கும் மாற்றி எத்தனை நாளாயிற்று? முதல் ரூபாய் அவற்றுக்குப் போகட்டும்.

புதிய சக்தி எந்தச் சுழற்சியில் கிடைக்கும்? தினசரி ஓட்டத்தில் யந்திரம் நிமிஷத்துக்கு 1,500 முதல் 3,000 சுற்றுக்குள்தான் பெரும்பாலும் சுழல்கிறது. பெரிய டர்போ அதற்கு மேலேதான் விழித்துக்கொள்ளும். திடீரென்று விழித்துக்கொள்ளும் குதிரை, தெருவுக்கு ஏற்ற குதிரை அல்ல.

பதிவுப் புத்தகத்திலும் இன்ஷூரன்ஸ் காகிதத்திலும் இது எழுதப்படுமா? 'இல்லை' என்றால் உங்கள் பதிலும் 'இல்லை' என்றே இருக்கட்டும்.

கூடுதல் சக்தியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, சகோதரிகளே. லாரியைத் தாண்டும்போது மூன்று விநாடி மிச்சமாகும் என்று சொன்னேன். அந்த மூன்று விநாடியைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொள்கிறவனுக்கு அது லாபம். 'நமக்குத்தான் சக்தி இருக்கிறதே' என்று முன்பு தாண்டத் துணியாத இடத்தில் துணிகிறவனுக்கு, அந்த மூன்று விநாடி போனதோடு, அதற்கு மேலும் போகிறது. உங்கள் பிள்ளை இதில் எந்த ரகம் என்பது மெக்கானிக்குக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை புதுச்சேரிக்குப் போகும்போது முன் இருக்கையில் உட்கார்ந்து கவனியுங்கள். மரக்காணத்து உப்பளத்தருகே, கூடையோடு வரப்பேறி வரும் பெண்களைக் கண்டதும் அவன் கால் தானாகவே பிரேக்குக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால், நூற்றுப் பதினைந்து குதிரையைத் தைரியமாக அவன் கையில் கொடுக்கலாம்.