நல்ல தண்ணீர் எது?

உப்புக் கரிக்காத நீரை ‘நல்ல தண்ணீர்’ என்பது நம் ஜனங்களின் வழக்கம். தர்மபுரி ஜில்லாவில் இவ்விலக்கணம் ஆபத்தானது. அங்கே பல கிணறுகளின் நீரில் கரைந்துள்ள புளோரைடு கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாது. அளவு மிஞ்சினாலோ பல்லைக் கறைப்படுத்தி எலும்பையும் முடக்கும். தீய நீரையும் உள்ளடக்கும் இலக்கணத்தைத் தர்க்க சாஸ்திரம் ‘அதிவ்யாப்தி’ என்னும் தோஷமுடையதென்று தள்ளிவிடும்.

இந்தியத் தர நிர்ணயமோ லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றும், வேறு நீர் கிடையாவிடத்து 1.5 வரை என்றும் புளோரைடுக்கு வரம்பு கட்டியுள்ளது. 2013-ல் தொடங்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் இத்தீங்கை ஒழிக்க எழுந்ததே.

தொண்டர்களே! ‘நல்ல தண்ணீர் வேண்டும்’ என்று மட்டும் முழங்கினால், ஏதோவொரு குழாயைக் காட்டி அதிகாரிகள் தப்பிவிடலாம். அளவைச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு அளந்துதான் பதில் சொல்ல வேண்டும்.