கேட்காமல் திறந்த கடல்

ஹவாய்க்குத் தெற்கிலும் மேற்கிலும், நடுப் பசிபிக்கில் ஏழு குட்டித் தீவுகளும் பவளத்திட்டுகளும் இருக்கின்றன: வேக், ஜான்ஸ்டன், ஜார்விஸ், பேக்கர், ஹௌலண்ட், பால்மைரா, கிங்மன். ஊர் என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. ஆனால் சுற்றியுள்ள கடலில் சுறா, ஆமை, டூனா, கடற்பறவை எல்லாம் ஏராளம்.

2009-ல் அதிபர் புஷ் இதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார். 2014-ல் ஒபாமா அதில் மூன்று தீவுகளைச் சுற்றி 200 கடல் மைல் வரை விரிவாக்கினார். மொத்தம் 12 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். இந்தியாவின் மூன்றில் ஒரு பங்கை விடப் பெரிசு. அங்கே வணிக மீன்பிடிப்புக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆக, ரெண்டு கட்சியும் சேர்ந்து கட்டிய வேலி இது.

2025 ஏப்ரல் 17 அன்று டிரம்ப், 50 முதல் 200 மைல் வரையுள்ள பகுதியை வணிக மீன்பிடிப்புக்குத் திறந்துவிடும் உத்தரவில் கையெழுத்திட்டார். ஒரு வாரம் கழித்து, மீன்வளத் துறை 'இனி பிடிக்கலாம்' என்று மீனவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. தடை விதியோ சட்டப் புத்தகத்தில் அப்படியே இருந்தது!

இன்னொரு பக்க நியாயமும் உண்டு. அமெரிக்கன் சமோவாவில் டூனா ஆலையை நம்பித்தான் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆனால் பல மைல் நீளக் கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில்களைக் கட்டி விடும்போது டூனா மட்டுமா மாட்டும்? சுறாவும் ஆமையும் சேர்ந்தே மாட்டும்.

ஹவாய்ப் பூர்வகுடியினரும் சூழல் அமைப்புகளும் வழக்குப் போட்டார்கள். ஆகஸ்டில் ஹோனலுலு நீதிமன்றம் அந்தக் கடிதம் செல்லாது என்றது. காரணம் எளிமையானது: மக்களிடம் அறிவித்து, கருத்து கேட்காமல் விதியைத் தூக்க முடியாது.

நான் மென்பொருள் எழுதுபவன். எங்க வேலையில் ஒரு வரியை மாற்றினாலும் இன்னொருத்தர் பார்த்து ஓகே சொல்லணும். அவசரம்னு சொல்லி அதைத் தாண்டினால் என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். கடலுக்கும் அந்த ஒரு படிதான் இப்போதைக்குக் காவலாக நின்றது.

ஆனால் அந்தத் தீர்ப்பு அதிபரின் உத்தரவை ரத்து செய்யவில்லை. முறைப்படி கருத்து கேட்டுவிட்டு விதியை மாற்ற அரசுக்கு வழி இருக்கிறது. அப்படிக் கேட்கும்போது யாரும் வாய் திறக்கலைன்னா அந்தப் படி வெறும் சடங்குதான்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் ரெகுலேஷன்ஸ் டாட் கவ் தளத்தில் இத்தகைய விதிகளுக்குக் கருத்து எழுதலாம். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள். பத்து நிமிஷ வேலைதான்.